ஏம்ப்பா, படத்தை இப்பவே பார்க்க முடியாதா?



போன மாதம் தில்லை நகரில் உள்ள நமது கூட்டமைப்பு அலுவலகத்தில் கடன் விண்ணப்பம் பூர்த்தி செய்யும் வேலை நடந்தது. லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கத்துக் குழுக்களில் இருந்து ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். ஒரு அக்கா தன் பேத்தியையும் கூட்டி வந்திருந்தார். நான்கு வயசு இருக்கும். அழாமல் இருக்கட்டுமே என்று செல்போனில் அந்தக் குழந்தையை ஒரு போட்டோ எடுத்தோம். எடுத்ததுதான் தாமதம், ஓடி வந்து "காட்டு, காட்டு" என்று போனைப் பிடித்து இழுத்தது. பார்த்துவிட்டு, "கண்ணு மூடிட்டேன். இன்னொண்ணு எடு" என்று அதட்டியது. எல்லோரும் சிரித்தோம்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எங்களுக்கு அப்படிக் கேக்கத் தெரியாமப் போச்சே மேடம்" என்றார். கல்யாணமான புதுசில் கணவரோடு சமயபுரம் தேருக்கு வந்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு போட்டோக்காரர் இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார். காசு வாங்கிக்கொண்டார். விலாசமும் எழுதிக்கொண்டார். தபாலில் வரும் என்றார். வரவே இல்லை. கணவர் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் அவருடைய படம் என்றால் வாக்காளர் அட்டையில் இருக்கிற அந்தச் சின்னப் படம்தான்.

"அதுல இருக்கறது அவரு மாதிரியே இல்ல. அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தோம்னு எடுத்தவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது."

இந்த ஒரு சொல் எங்களை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நம்மை எடுத்த படத்தை நாமே பார்க்காமல் போவது எவ்வளவு பெரிய குறை! எடுத்த உடனே படம் கையில் கிடைக்க வேண்டும் என்று முதலில் யோசித்தது யார், அது எப்படி நடந்தது என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

முன்பு ஏன் காத்திருந்தோம்?

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபிலிம் ரோல் ஞாபகம் இருக்கும். ஒரு ரோலில் 36 படம். ரோல் முழுதும் தீர்ந்தால்தான் ஸ்டூடியோவில் கழுவுவார்கள். அதனால் நம் ஒரு படத்துக்காக மற்றவர்களின் படங்களும் எடுத்து முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

ஃபிலிம் மேல் வெள்ளி கலந்த உப்பு பூசப்பட்டிருக்கும். நம் கொலுசில் இருக்கிற அதே வெள்ளிதான். வெளிச்சம் பட்டதும் அந்த உப்பில் மாற்றம் ஏற்படும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் ரசாயனத் தண்ணீரில் போட்டால்தான் வெளிச்சம் பட்ட இடம் கறுப்பாகும். படாத இடத்து உப்பை இன்னொரு ரசாயனம் கழுவிவிடும். இதுதான் நெகட்டிவ். இதில் வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுப்புத் தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். இதை மறுபடியும் காகிதத்தில் பிரிண்ட் போட்டு, கழுவி, காய வைத்தால்தான் நம் முகம் நம் முகமாக வரும். இத்தனை வேலைக்கு ஒரு நாளும் ஆகும், ஒரு வாரமும் ஆகும்.

நம் தமிழ்நாட்டிலேயே உதகமண்டலத்தில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967 முதல் ஃபிலிம் தயாரித்தது. 'இந்து' என்பது அதன் பெயர். செல்போனும் டிஜிட்டல் கேமராவும் வந்த பிறகு ஃபிலிம் கேட்பார் இல்லாமல் போய் அந்த ஆலையும் நின்றுவிட்டது.

காத்திருக்காமல் படம் தருகிறவர்களும் சில ஊர்களில் இருந்தார்கள். வட இந்தியாவில் ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் மூன்று கால் வைத்த பெரிய மரப்பெட்டிக் கேமராவோடு தெருவில் நின்றவர்கள் உண்டு. 'மினிட் கேமரா' என்பார்கள். பெட்டிக்குள்ளேயே குட்டி இருட்டறை இருக்கும். கையை உள்ளே விட்டு, காகித நெகட்டிவைக் கழுவி, அதையே மறுபடி படம் எடுத்து, சில நிமிஷத்தில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்குத் தொழில் தெரிந்த ஒருவர் வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உடனே பார்க்கலாம் என்ற நிலை அப்போது வரவில்லை.

மூன்று வயதுக் குழந்தையின் கேள்வி

அந்த நிலையைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லேண்ட். 1909-ஆம் ஆண்டு மே 7-ந் தேதி பிறந்தவர். ஹார்வர்டு என்ற பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. பாதியில் வெளியே வந்து சொந்தமாக ஆராய்ச்சி செய்தார். குளத்துத் தண்ணீர் மேல் வெயில் பட்டால் கண் கூசுகிறது அல்லவா? அந்தக் கூச்சத்தைத் தடுக்கும் மெல்லிய தகடு ஒன்றை முதலில் கண்டுபிடித்தார். கூலிங் கிளாஸில் இன்றும் அது பயன்படுகிறது. அதை வைத்து 1937-ல் போலராய்டு என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

1943-ல் அவர் குடும்பத்தோடு சாண்டா ஃபே என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போனார். மகள் ஜெனிபருக்கு அப்போது மூன்று வயது. அப்பா போட்டோ எடுத்தார். குழந்தை கேட்டாள்: "ஏம்ப்பா, படத்தை இப்பவே பார்க்க முடியாதா?"

நம் வீடாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "சும்மா இரு, ஊருக்குப் போய்த்தான் பார்க்கணும்" என்றிருப்போம். லேண்ட் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை மனசில் போட்டுக்கொண்டு நடக்கப் போனார். ஏன் முடியாது? இருட்டறையில் நடக்கும் வேலையைக் கேமராவுக்குள்ளேயே நடத்த முடியாதா? ஒரு மணி நேரத்துக்குள் அதன் மொத்த வழியும் மனசில் வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் மீதி இருந்த 'சில சில்லறை விவரங்களை' முடிக்க 1972 வரை ஆனதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். யோசனை வர ஒரு மணி நேரம், அதைச் சரியாகச் செய்து முடிக்க ஏறக்குறைய முப்பது வருஷம்!

சாயம் இறங்குவது போல

அவர் கண்டுபிடித்த முறையைப் புரிந்துகொள்ள நமக்கு ரசாயனப் படிப்பு வேண்டாம். துணி துவைத்த அனுபவம் போதும்.

புதுச் சிவப்புப் புடவையையும் வெள்ளைத் துண்டையும் ஒன்றாக ஊறப் போட்டால் என்ன ஆகும்? புடவையில் கெட்டியாக ஒட்டாத சாயம் தண்ணீரில் கரைந்து துண்டில் ஏறிக்கொள்ளும். லேண்ட் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

கேமராவுக்குள் நெகட்டிவ் தாள் ஒன்று, வெறும் தாள் ஒன்று என இரண்டு வைத்தார். வெறும் தாளோடு, ஷாம்பு பாக்கெட் மாதிரி ஒரு குட்டிப் பொட்டலத்தை ஒட்டினார். அதற்குள் பசை போன்ற ரசாயனம். படம் எடுத்ததும் தாளைப் பிடித்து இழுக்க வேண்டும். கரும்பு ஜூஸ் மெஷினில் இருப்பது போல இரண்டு உருளைகளுக்கு நடுவே தாள்கள் நசுங்கி வரும். பொட்டலம் உடைந்து, பசை இரண்டு தாளுக்கும் நடுவில் மாவு தேய்த்த மாதிரி சீராகப் பரவும்.

அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடத்து வெள்ளி அங்கேயே கறுத்து நின்றுவிடும். வெளிச்சம் படாத இடத்து வெள்ளி உப்பு மட்டும் பசையில் கரைந்து, சாயம் மாதிரி எதிர்த் தாளுக்குப் போய் அங்கே கறுப்பாகும். அதாவது தலைமுடி, நிழல் போன்ற இருட்டான பகுதிகள் அந்தத் தாளில் கறுப்பாகவே வரும். வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே நிற்கும். ஒரு நிமிஷம் பொறுத்து இரண்டு தாளையும் பிரித்தால், படம் தயார். இருட்டறையும் வேண்டாம், ஸ்டூடியோவுக்கு இரண்டாவது நடையும் வேண்டாம்.

1947 பிப்ரவரி 21-ல் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் கூட்டத்தில் லேண்ட் தன்னையே படம் எடுத்துப் பிரித்துக் காட்டினார். 1948 நவம்பர் 26-ல் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதல் கேமரா விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 2 கிலோ எடை. விலை 89.75 டாலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. 57 கேமராக்களை வைத்தார்கள். அடுத்த சரக்கு தயாராகும் வரை இது தாங்கும் என்று நினைத்தார்கள். முதல் நாளே எல்லாம் தீர்ந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் ஒருவர், செய்து முடித்தவர்கள் பலர்

பெரிய கண்டுபிடிப்பு என்றால் ஒரே ஒரு ஆணின் படத்தைத்தான் பாடப் புத்தகத்தில் போடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பெண்களின் உழைப்பும் இருக்கும். போலராய்டிலும் இருந்தது.

லேண்ட் தன் ஆய்வகத்துக்குப் பெண்கள் கல்லூரியான ஸ்மித் கல்லூரியில் படித்தவர்களை வேலைக்கு எடுத்தார். அவர்களில் ஒருவர் மெரோ மோர்ஸ். அவர் விஞ்ஞானம் படித்தவர் இல்லை. ஓவியம், சிற்பம் பற்றிய கலை வரலாறு படித்தவர். 1945-ல் சேர்ந்தார். நல்ல படம் எது, சுமார் படம் எது என்று பார்க்கத் தெரிந்த கண் அவருக்கு இருந்தது. ரசாயனத்தை வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் பட ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவி ஆனார்.

அந்தப் பிரிவுக்குப் பெரிய சோதனையும் வந்தது. முதலில் வந்த படங்கள் பழுப்பு நிறத்தில் இருந்தன. 1950-ல் நல்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்பனைக்கு வந்தது. ஜனங்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். கொஞ்ச மாதத்தில் படங்கள் மங்கத் தொடங்கின. கல்யாணப் படம், குழந்தைப் படம் எல்லாம் கண் முன்னாலேயே வெளுத்துப் போனால் எப்படி இருக்கும்? ஆய்வகத்தில் பாடுபட்டு ஒரு வழி கண்டார்கள். படத்தைப் பிரித்ததும், மருந்தில் நனைத்த சின்ன பஞ்சுக் கட்டையால் அதன் மேல் ஒரு பூச்சுப் பூச வேண்டும். அந்தப் பூச்சு படத்தைக் காப்பாற்றியது. நம் குழுவில் ஊறுகாய் போட்டு விற்கும் சகோதரிகளுக்கு இது புரியும். முதல் முறை பூசணம் பிடித்தது என்று தொழிலை விட்டவர்களும் உண்டு. எங்கே ஈரம் பட்டது என்று தேடிக் கண்டுபிடித்தவர்களும் உண்டு.

மெரோ மோர்ஸ் 1969-ல், ஐம்பது வயதுகூட ஆகாமல் காலமானார். ஆனால் அவருடைய பெயரில் 18 காப்புரிமைகள் இருக்கின்றன. காப்புரிமை என்றால், இதைக் கண்டுபிடித்தது இவர், இவர் அனுமதி இல்லாமல் மற்றவர் செய்யக் கூடாது என்று அரசு கொடுக்கும் உரிமை.

1963-ல் கலர் படம் வந்தது. 1972-ல் வந்த கேமராவில் பிரிக்கிற வேலையும் இல்லை. பட்டனை அழுத்தினால் படம் தானாக வெளியே வரும். முதலில் ஒன்றும் தெரியாது. அதன் மேல் பரவியிருக்கும் ஒரு ரசாயனம் குடை மாதிரி வெளிச்சத்தைத் தடுத்து நிற்கும். உள்ளே வேலை முடிய முடிய, அந்தக் குடை தெளிந்து, முகம் மெல்ல மெல்ல மேலே வரும். கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

அதே படம், வேறு கையில்

சகோதரிகளே, இதுவரை சொன்னது நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

உடனே படம் வருவதால், அடையாள அட்டை தயாரிக்கவும் போலராய்டு மெஷின்கள் வந்தன. அப்போது தென் ஆப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி நடந்தது. அங்கே கறுப்பின மக்கள் சொந்த நாட்டிலேயே போட்டோ ஒட்டிய 'பாஸ்' புத்தகத்தை எப்போதும் வைத்திருக்க வேண்டும். காட்டாவிட்டால் ஜெயில். எங்கே வேலை செய்யலாம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பொறுத்ததுதான். அந்தப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்டு பயன்பட்டது.

1970-ல் இது அதே கம்பெனியில் வேலை செய்த கரோலின் ஹண்டர் என்ற பெண்ணுக்குத் தெரிய வந்தது. அவர் ரசாயனம் படித்த கறுப்பினப் பெண். உடன் வேலை செய்த கென் வில்லியம்ஸோடு சேர்ந்து, "நம் உழைப்பில் செய்த பொருள் அங்கே மக்களை அடைத்து வைக்கப் பயன்படுகிறது. அதை விற்காதே" என்று போராட்டம் தொடங்கினார். 1971-ல் அவருடைய வேலை போய்விட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. போராட்டம் தொடங்கி ஏழு வருஷம் கழித்து, 1977-ல், போலராய்டு தென் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அந்த பாஸ் சட்டங்கள் 1986-ல் ஒழிந்தன.

பாருங்கள், கேமரா ஒன்றுதான். குழந்தை கையில் இருந்தால் அது சந்தோஷம். பிடித்து அடைக்க நினைப்பவர் கையில் இருந்தால் அது பூட்டு. எடுத்த படம் யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கம்பெனி என்ன ஆனது?

லேண்ட் 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றார். 1977-ல் கொண்டு வந்த உடனடி சினிமா ஃபிலிம் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. 1982-ல் கம்பெனியை விட்டு விலகினார். 1991 மார்ச் 1-ல் காலமானார். டிஜிட்டல் கேமரா வந்தபோது கம்பெனி வேகமாக மாறிக்கொள்ளவில்லை. 2001-ல் திவாலானது. 2008-ல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் நெதர்லாந்து நாட்டில் இருந்த கடைசித் தொழிற்சாலையைச் சில ஆர்வலர்களும் பழைய தொழிலாளர்களும் சேர்ந்து எடுத்து, 2010-ல் மறுபடியும் ஃபிலிம் விற்றார்கள். இன்றும் உடனடிக் கேமராக்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் செலவு உண்டு. நமக்குச் செல்போனில் எடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுவதே சிக்கனம்.

நாம் செய்ய வேண்டியது

இன்றைக்கு நம் எல்லோர் வீட்டிலும் ஒரு செல்போன் இருக்கிறது. ஆயிரம் படம் எடுக்கிறோம். ஆனால் போன் தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போச்சு. வெளியார் எடுக்கும் நம் படங்கள் எங்கே போகின்றன என்பதும் தெரிவதில்லை. ஆகவே:

1. யார் நம்மைப் படம் எடுத்தாலும், நாங்களே எடுத்தாலும், "காட்டுங்க" என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் "வேற எடுங்க" என்று சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

2. எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடன் தருகிறோம் என்று ஊருக்குள் வருபவரிடம் போட்டோ, ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நமக்குத் தெரியாமல் நம் பெயரில் கடன் ஏற இதுவே போதும். கொடுக்க வேண்டி வந்தால், நகலின் மேலேயே எதற்காக என்றும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

3. வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பப் படம் ஒன்றும், குழுப் படம் ஒன்றும் காகிதத்தில் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பெயரும் வருஷமும் எழுதுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

4. வீட்டில் இருக்கும் பெரியவர்களை, அவர்கள் நன்றாக இருக்கும்போதே படம் எடுங்கள். காரியத்துக்கு மாலை போட மட்டும் படம் தேடக் கூடாது.

5. பிள்ளைகள் "ஏன்?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

அந்த அக்காவையும் பேத்தியையும் சேர்த்து அன்றைக்கே இன்னொரு படம் எடுத்தோம். தில்லை நகரிலேயே ஒரு கடையில் பிரிண்ட் போட்டோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தைத் திருப்பி எங்களிடம் நீட்டி, "இதுல தேதி எழுதுங்க மேடம். அவ பெரிசானா, இது எப்ப எடுத்ததுன்னு கேப்பா" என்றார். எழுதினோம். கீழே தன் பெயரை மட்டும், சங்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தில், அவரே எழுதினார்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

– உங்களை முதன்முதலில் போட்டோ எடுத்தது எப்போது? அந்தப் படம் இப்போது யாரிடம் இருக்கிறது?

– உங்கள் குழுப் படத்தின் பிரதி எல்லா உறுப்பினர்களிடமும் இருக்கிறதா? இல்லையென்றால் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோருக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

– உங்கள் வீட்டுக் குழந்தை கடைசியாகக் கேட்ட "ஏன்?" என்ன? அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?